வாப்பாவின் சவரக்கத்தி

ஐம்பத்தாறாம் வயதில் ஒருவர் சவரக்கத்தி பிடிக்கக் கற்கிறார் என்றால் ஊர் நகைக்கும். நம்மையும் நகைத்தது. ஷேவிங் செட்டும் பிளேடும் கொண்டு ஐந்தே நிமிடத்தில் முடித்துவந்த வேலையைத் திடீரென்று ஒருநாள் விட்டுவிட்டு, பாட்டன்மார் காலத்து நீண்ட கத்தியைக் கையிலெடுத்து, கன்னத்தில் கீறலும் கழுத்தில் படிகாரத்தின் வெண்மையுமாகப் பள்ளிக்கூடத்திற்குச் சென்றால், மாணவர்கள் நகைக்காமல் என்ன செய்வர்? உடன் பணியாற்றிய ஆசிரியர் ஒருவர், "வீட்டில் ஏதும் சச்சரவா?" என்றே கேட்டுவிட்டார். அன்று அவருக்கு நாம் விடை சொல்லவில்லை. சொல்வதற்கு நம்மிடமே தெளிவான விடை இருக்கவில்லை என்பதுதான் உண்மை. காலம் கடந்துவிட்ட இப்போதாவது அதனை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

நம் வாப்பா அவர்கள் 1934-இல் பிறந்தவர்கள். பதினேழாம் வயதில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்கு சென்று, கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்கு அருகிலிருந்த ஒரு மளிகைக் கடையில் பதினெட்டு ஆண்டுகள் உழைத்து, 1969-இல் ஊர் திரும்பினார்கள். உடன் கொண்டுவந்த பெட்டியில் கைலிகளும் கோடாலித் தைலமும் மிட்டாய் டப்பாக்களும் இருந்தன. அவையெல்லாம் ஓரிரு ஆண்டுகளில் தீர்ந்துபோயின. தீராமல் இருந்தது ஒரு சவரக்கத்தி.

ஜெர்மனி நாட்டுச் சோலிங்கன் நகரில் செய்யப்பட்ட கத்தி அது. கத்தி வடிப்பதற்கென்றே பெயர்பெற்ற ஊர் சோலிங்கன். அந்த ஊரின் பெயரை வேறெவரும் தம் சரக்கில் பொறித்து விற்கக் கூடாது என்று 1938-இல் அந்நாட்டில் தனிச் சட்டமே இயற்றினார்கள். கத்தியின் முதுகு தடித்திருக்கும். முதுகிலிருந்து கூர்வாய் வரை இருபுறமும் உட்குழிவாகத் தேய்த்து, வாய்ப்பகுதியைக் காகிதம்போல் மெலிதாக்கியிருப்பார்கள். அலகின் அகலம் ஓர் அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு. நகத்தால் மெல்லத் தட்டினால் மணிபோல் ஒலிக்கும். மடக்கினால் கறுப்புக் கைப்பிடிக்குள் ஒடுங்கிவிடும். "ஒருவர் கத்தி மற்றவருக்கு ஆகாது" என்பது வாப்பாவின் கண்டிப்பு. ஆகவே வீட்டுக்கு வரும் நாவிதரும் தம் அடைப்பத்திலுள்ள கத்தியை எடுக்காமல், வாப்பாவின் கத்தியைக் கொண்டே வாப்பாவுக்குச் சவரம் செய்வார்.

நாவிதர் என்று சொன்னோம். நமதூரில் பரம்பரையாக அத்தொழில் செய்துவந்த முஸ்லிம் குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர். நமக்குச் சுன்னத் செய்தவர் அவருடைய தந்தையார். தந்தைக்குப் பின் 1970 முதல் நம் இல்லத்திற்கு வரத் தொடங்கினார். நம்மைவிடப் பதினைந்து வயது மூத்தவர். வியாழன்தோறும் அஸர் தொழுகைக்குப் பின், பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைப்புறம் வருவார். வாப்பா முக்காலியில் அமர்ந்திருப்பார்கள். சன்னல் கம்பியில் தோல்வாரை மாட்டி, 'சளக், சளக்' என்று நாவிதர் கத்தியைத் தீட்டுவார். தலை முழுவதையும் மழித்து, தாடிக்கு வரம்பு கட்டி, மீசையைக் கத்தரித்து முடிக்க அரைமணி நேரம் ஆகும். மறுநாள் ஜும்ஆவுக்கு வாப்பா புதுத் தொப்பியுடன் புறப்படும்போது அந்தத் தலை பளபளக்கும். நாவிதருக்குரிய தேநீர் கொல்லைக்கே வந்துவிடும். அதனைக் குடித்துவிட்டு வந்த வழியே போய்விடுவார். நாற்பத்தாறு ஆண்டுகளில் ஒருமுறையேனும் அவர் நம் வீட்டு முன்கூடத்தில் அமர்ந்ததை நாம் கண்டதில்லை. அவர் நம்மைத் "தம்பி, வாங்க" என்பார். நாம் அவரைப் பெயர் சொல்லித்தான் அழைத்துவந்தோம். சிறுவனாக இருந்தபோது தொடங்கிய அவ்வழக்கம், நரை கண்ட பின்பும் மாறவில்லை. மாற்ற வேண்டும் என்றும் நமக்குத் தோன்றவில்லை.

2016-ஆம் ஆண்டு மே மாதத்தில் வாப்பாவுக்கு மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு வலப்பக்கம் செயலிழந்தது. பேச்சும் போயிற்று. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பின் நாவிதர் இரண்டு வியாழக்கிழமைகள் வந்தார். மூன்றாம் வியாழனன்று கத்தியை விரித்தவர், சற்றுநேரம் நின்று, மீண்டும் மடக்கி வைத்துவிட்டார். அவருக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது. விரல்களிலும் நடுக்கம் கண்டிருந்தது.

"கை சொல்பேச்சுக் கேக்க மாட்டேங்குது, தம்பி. பெரியவங்க தலையில வைக்கப் பயமா இருக்கு" என்றார்.

தம் கைத்திறன் குறைந்துவிட்டதைப் பிறர் சொல்லுமுன் தாமே சொல்லும் நேர்மை எத்தனை பேருக்கு வாய்க்கும்? அதன் அருமையும் அப்போது நமக்கு விளங்கவில்லை. வேறு ஆளைத் தேட வேண்டுமே என்ற கவலைதான் மேலோங்கியிருந்தது. அவருடைய மூத்த மகன் துபாயில் ஒரு சலூனில் வேலை பார்க்கிறார். இளையவர் வாடகைக் கார் ஓட்டுகிறார். கடைத்தெருச் சலூனிலிருந்து ஓர் இளைஞரை வரவழைத்தோம். அவர் பாதி பிளேடு பொருத்திய கத்தியுடன் வந்தார். குறை சொல்ல முடியாத பிள்ளை. ஆனால் வாப்பா தலையைத் திருப்பிக்கொண்டார்கள். செயலுள்ள இடக்கையை விரித்து, காற்றில் முன்னும் பின்னுமாக அசைத்துக் காட்டினார்கள். அந்த இளைஞருக்கும் புரியவில்லை, நமக்கும் புரியவில்லை. செய்தி கேட்டு வந்த பழைய நாவிதருக்குத்தான் புரிந்தது.

"வார்ல தீட்டுற சத்தம் கேக்கணும்ங்கிறாங்க, தம்பி. அது இல்லாம அவங்களுக்குச் சவரம் ஆரம்பிச்ச மாதிரியே இருக்காது."

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. நோயுற்ற தந்தைக்கு வாரத்தில் ஒருநாள் தேவைப்படும் ஒரு சிறு ஆறுதல் இது. அதைத் தரக்கூடிய கை ஊரில் ஒன்றே ஒன்று இருந்தது. அதுவும் நடுங்கத் தொடங்கிவிட்டது. மறுநாள் நாவிதரின் இல்லத்திற்குச் சென்று, தொழிலைக் கற்றுத்தருமாறு கேட்டோம். அவருடைய வீட்டு வாசலில் நாம் நின்றது அதுவே முதல்முறை. அவர் திகைத்துப் போனார்.

"ஒங்களுக்கு எதுக்கு தம்பி இது?" என்றார். பிறகு நெடுநேரம் யோசித்து ஒரு நிபந்தனை விதித்தார். "மொதல்ல ஒங்க கன்னம். அது பழகின பொறவுதான் அடுத்தவங்க தலை."

நாம் தாடி வைத்துள்ளோம். ஆயினும் கன்னத்தின் மேற்புறத்தையும் தாடைக்குக் கீழே கழுத்தையும் மழித்து வரம்பு கட்டுவது வழக்கம். தொடக்கக்காரருக்கு அந்த அளவே போதும் என்றார். மோவாயும் மேலுதடும் வளைவும் மேடுமான இடங்கள். புதியவர் அங்கே கத்தி வைக்கக் கூடாதாம்.

முதல் தவறை நாம் கத்தி வாங்குவதிலேயே செய்தோம். வாப்பாவின் கத்தியைப் பழகுவதற்குப் பயன்படுத்த மனமில்லாமல், வெளியூர்க் கடையொன்றில் கண்ணாடிபோல் மின்னிய ஒரு கத்தியை மலிவாக வாங்கிவந்தோம். நாவிதர் அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். கட்டைவிரலைக் கூர்வாயின் குறுக்கே மென்மையாக வைத்துப் பார்த்தார். "கடுதாசி கிழிக்க ஆகும்" என்று சொல்லித் திருப்பித் தந்துவிட்டார். கத்தியின் வடிவில் இருப்பதெல்லாம் கத்தி அன்று. எஃகு தரமாக இராவிட்டால் எவ்வளவு தீட்டினாலும் கூர் நில்லாது. கடையிலிருந்து வரும் நல்ல கத்தியுங்கூடப் பல வேளைகளில் சவரத்திற்குரிய கூருடன் வருவதில்லை. அறிந்தவர் ஒருவர் அதனைக் கல்லில் பிடித்துத் தந்தாக வேண்டும். இதை அறியாத புதியவர்கள் மழுங்கிய கத்தியால் முகத்தைப் புண்ணாக்கிக்கொண்டு, கத்தி நமக்கு ஒத்துவராது என்று கைவிட்டுவிடுகிறார்கள்.

அவர் தம் அடைப்பத்தைத் திறந்து, துணியில் சுற்றிய ஒரு பழைய கத்தியை எடுத்தார். அவருடைய தந்தையின் கத்தி. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரப் பெயர் அதில் பாதி தேய்ந்திருந்தது. நாம் வாங்கத் தயங்கினோம். "வெச்சிருந்து என்ன செய்யப் போறேன்? சலூன்ல இப்ப இதுக்கு வேலை இல்ல" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். சவரக்கத்தியின் ஆதிக்கம் இருமுறை சரிந்தது. பண்டு செல்வரும் வறியவரும் நாவிதரின் கையையே நம்பியிருந்தனர். பாரிஸ் நகரத்துக் கத்தி வினைஞரான ழான் ழாக் பெரே என்பவர், ஒருவர் தம்மைத் தாமே மழித்துக்கொள்ளக் கற்கும் முறையை விளக்கி 1769-இல் ஒரு நூலே எழுதினார். அமெரிக்காவின் கிங் கேம்ப் ஜில்லெட், தேய்ந்ததும் எறிந்துவிடும் மெல்லிய பிளேடைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். 1903-இல் அவருடைய நிறுவனம் விற்றவை 51 சவரக் கருவிகளும் 168 பிளேடுகளுமே. அடுத்த ஆண்டிலேயே கருவிகளின் விற்பனை தொண்ணூறாயிரத்தைத் தாண்டியது. முதல் உலகப் போர்க் காலத்தில் அது இலட்சக்கணக்கான படைவீரர்களின் பைக்குள் புகுந்தது. வீடுகளில் கத்தி மறைந்தது இவ்விதம். சலூன்களில் மறைந்ததற்குக் காரணம் வேறு. 1986-இல் சென்னையில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதைத் தொடர்ந்த ஆண்டுகளில், ஒருவருக்குப் பயன்படுத்திய பிளேடை மற்றவருக்குப் பயன்படுத்தலாகாது என்ற விழிப்பு நாடெங்கும் பரவியது. பாதி பிளேடு பொருத்தும் கத்தி வந்தது. அது தேவையான, நல்ல மாற்றமே. ஆனால் தோல்வாரில் தீட்டவும் கல்லில் பிடிக்கவும் தெரிந்த கைகள் அம்மாற்றத்தோடு சத்தமின்றி ஓய்ந்துபோயின.

ஷெஃபீல்டு கத்தியைத் தந்தவர், அதனை விரிக்க விடவில்லை. பத்து நாட்கள், ரொட்டியில் வெண்ணெய் தடவும் மழுங்கிய கத்தியைக் கொண்டு வாரில் தீட்டப் பழகச் சொன்னார். வாரின் ஒரு பக்கம் தடித்த துணி, மறுபக்கம் தோல். முதலில் துணியில் இருபது முறை, பிறகு தோலில் ஐம்பது முறை. கத்தி வாரின் மேல் படுத்தே செல்ல வேண்டும். முதுகு முன்னே செல்ல, கூர்வாய் பின்னே இழுபட வேண்டும். ஓட்டம் முடியுமிடத்தில் முதுகை ஊன்றிப் புரட்ட வேண்டும். கூர்வாயை ஊன்றிப் புரட்டினால் வார் அறுந்துவிடும். பார்ப்பதற்கு இத்தனை எளிய செயல் உண்டா என்று தோன்றும். பதினொன்றாம் நாள் உண்மைக் கத்தியைக் கையில் தந்தார். மூன்றாம் ஓட்டத்திலேயே அவசரப்பட்டுப் புரட்டினோம். தோலில் பிறைபோல் ஒரு வெட்டு விழுந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வெட்டைத் தடவிப் பார்த்து, "எங்க வாப்பா வாரையும் நான் இப்படித்தான் வெட்டுனேன்" என்றார். அவர் வாயிலிருந்து 'வாப்பா' என்ற சொல்லைக் கேட்டபோது நமக்குள் ஏதோ உறுத்தியது. நாம் சொல்லும் அதே சொல்.

வாரும் கல்லும் ஒரே வேலையைச் செய்வன அல்ல என்பதையும் அவரிடமே கற்றோம். ஒவ்வொரு சவரத்திலும் கண்ணுக்குத் தெரியாத அளவில் கூர்வாய் சற்றே நெளிகிறது. வார் அந்த நெளிவை நேராக்குகிறது. எஃகைத் தேய்த்துப் புதுக்கூர் உண்டாக்குவது கல்லின் வேலை. வாரில் ஒவ்வொரு சவரத்திற்கு முன்னும் தீட்ட வேண்டும். கல்லில் சில மாதங்களுக்கு ஒருமுறை பிடித்தால் போதும். கல்லில் பிடிக்கும்போது முதுகும் கூர்வாயும் ஒருசேரக் கல்லில் படிந்திருக்க வேண்டும். கோணத்தைக் கணிக்கும் பொறுப்பைக் கைக்குத் தராமல், முதுகின் தடிப்பே கோணத்தை நிர்ணயிக்குமாறு கத்தியைச் செய்த முன்னோரின் நுட்பம் வியப்பிற்குரியது. கண் மங்கிய அம்முதியவர், கைகளைக் கல்லின்மேல் ஊன்றியதும் நடுக்கம் தணிய, கத்தி நகரும் ஒலியைக் கேட்டே கூர் பிடித்தார்.

அடுத்த பாடம் பலூன். ஊதிய பலூனில் சோப்பு நுரை பூசி, அது வெடிக்காமல் நுரையை வழிக்க வேண்டும். பேத்திக்கு அது பெருநாளாயிற்று. முதல்நாள் பன்னிரண்டு பலூன்கள் வெடித்தன. ஒவ்வொன்றுக்கும் அவள் கைதட்டினாள். கையை அழுத்தாமல், கத்தியின் எடையை மட்டும் விட்டுப் பழக நமக்கு ஒரு வாரம் பிடித்தது. கரும்பலகையில் சுண்ணக்கட்டி உடைய எழுதிப் பழகிய கை. அழுத்தாமல் எதையும் செய்ய அதற்குத் தெரிந்திருக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஃபஜ்ரு தொழுகைக்குப் பின், முதன்முறையாகக் கன்னத்தில் கத்தி வைத்தோம். வெந்நீரால் முகத்தை நன்றாக நனைத்து, தூரிகையால் சோப்பை வட்டமாகத் தேய்த்து நுரை எழுப்பினோம். நீரில் ஊறிய முடியே எளிதில் அறும். அவசரப்பட்டு உலர்ந்த முகத்தில் கத்தி வைப்பவர் தோலைத்தான் மழிப்பார். இடக்கையால் காதருகே தோலை மேல்நோக்கி இழுத்துப் பிடித்தோம். தளர்ந்த தோலில் கத்தி சிக்கும். இழுத்த தோலில் வழுக்கும். கத்திக்கும் கன்னத்திற்கும் இடையே முப்பது பாகை அளவு சாய்வு இருக்க வேண்டும். அதைப் பாகையில் சொல்லாமல், "முதுகு ரெண்டு முதுகு அளவு ஒசந்து நிக்கட்டும்" என்று அவர் விளக்கினார். முடி சாய்ந்திருக்கும் திசையிலேயே ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் என்று சிறுசிறு இழுப்பாக இறக்க வேண்டும். எதிர்த்திசையில் மழிக்கும் எண்ணமே முதல் சில மாதங்களுக்குக் கூடாது.

அவர் கதவோரம் அமர்ந்திருந்தார். நம் முகம் அவருக்குத் தெளிவாகத் தெரியாது. ஆனால், "சத்தம் மாறுது. கத்தி நிமிந்துடுச்சு, சாயுங்க" என்று அங்கிருந்தே திருத்தினார். முதல் வாரம் வலக்கன்னம் மட்டும். மீதியைப் பழைய ஷேவிங் செட் பார்த்துக்கொண்டது. இரண்டாம் வாரம் இடக்கன்னம். கழுத்துக்கு ஒரு மாதம் சென்றது. அங்கே முடி ஓரிடத்தில் கீழ்நோக்கியும் ஓரிடத்தில் பக்கவாட்டிலும் வளர்கிறது. நம் முகத்தில் முடி எத்திசையில் வளர்கிறது என்பதையே ஐம்பத்தாறு வயதில்தான் விரலால் தடவி அறிந்தோம்.

வெட்டு விழாமலா இருக்கும்? இடது காதுக்குக் கீழே மழித்துக்கொண்டிருந்தபோது யாரோ வாசலில் அழைத்தார்கள். "இதோ" என்று திரும்பினோம். கத்தி பக்கவாட்டில் நகர்ந்தது. கத்தி அதன் வாய்க்கு நேராகச் செல்லும்வரை முடியை மட்டும் எடுக்கும். நீளவாட்டில் அரை நூல் நகர்ந்தாலும் தோலை அறுத்துவிடும். அவர் எழுந்து வந்து, குளிர்ந்த நீரால் கழுவி, ஈரப் படிகாரத்தை அழுத்திப் பிடித்தார். "இனிமே பேசாம செய்வீங்க" என்றார். அவருடைய விரல்கள் நம் கழுத்தில் நடுங்கிக்கொண்டிருந்தன. அந்த நிமிடம் வரை நாம் அவரைப் பெயர் சொல்லியே அழைத்துவந்தோம். "சரி, காக்கா" என்ற சொல் நம் வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியாது. அவர் படிகாரத்தை எடுக்கவில்லை. ஆனால் சற்று நேரம் எதுவும் பேசவில்லை.

அன்று பிற்பகல் ஓர் எண்ணம் மனத்தைக் குடைந்தது. பெருமானார் (ஸல்) அவர்கள் ஹிஜ்ரி பத்தாம் ஆண்டு, தம் இறுதி ஹஜ்ஜின்போது, மினாவில் நாவிதரை அழைத்துத் தலையின் வலப்புறத்தை முதலில் காட்டினார்கள். பின்னர் இடப்புறத்தைக் காட்டினார்கள். மழித்த முடியை மக்களுக்குப் பங்கிடுமாறு அபூதல்ஹா (ரலி) அவர்களிடம் தந்தார்கள் என்று ஹதீஸ் நூல்களில் படித்திருக்கிறோம். மாணவர்களுக்கும் எடுத்துச் சொல்லியிருக்கிறோம். படைப்பினங்களில் மேலான தலை ஒரு நாவிதரின் கத்திக்குக் கீழே தாழ்ந்திருந்தது. சொன்னபோதெல்லாம் அந்த நாவிதரை நாம் ஒருமுறையும் நினைத்துப் பார்த்ததில்லை. நம் வீட்டுக் கொல்லையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவரையும் நினைத்ததில்லை.

மூன்று மாதங்கள் கழிந்தபின், வாப்பாவைத் தொடலாம் என்று காக்கா அனுமதி தந்தார். அதற்கு முன் மருத்துவரிடம் கேட்டோம். வாப்பா இரத்தம் உறையாமல் காக்கும் மருந்து உண்பவர்களாக இருந்திருந்தால் கத்தியே கூடாது என்றிருப்பார். சிறு கீறலும் அத்தகையோருக்கு எளிதில் நில்லாது. வாப்பாவுக்கு அம்மருந்து தரப்படவில்லை. எனவே கவனத்துடன் செய்யலாம் என்றார். காக்கா கல்லில் பிடித்துத் தந்த சோலிங்கன் கத்தியுடன், ஒரு வியாழனன்று அஸருக்குப் பின் தொடங்கினோம்.

வாப்பாவின் கட்டில் முன்கூடத்தில் இருந்தது. ஆகவே காக்காவும் முன்கூடத்திற்கு வர வேண்டியதாயிற்று. வந்தவர் நின்றுகொண்டே இருந்தார். அமரச் சொன்னோம். சுவரோரம் தரையில் அமரப் போனார். அப்போது கட்டிலிலிருந்து வாப்பாவின் இடக்கை உயர்ந்தது. பினாங்கிலிருந்து திரும்பிய நாள் முதல் தாம் மட்டுமே சாய்ந்திருந்த நாற்காலியை அந்தக் கை சுட்டியது. காக்கா நம் முகத்தைப் பார்த்தார். நாம் தலையசைத்தோம். அவர் அதன் விளிம்பில் அமர்ந்தார், சாயவில்லை.

சன்னல் கம்பியில் வாரை மாட்டித் தீட்டத் தொடங்கினோம். 'சளக், சளக்'. வாப்பா கண்களை மூடிக்கொண்டார்கள். வலப்புறம் முதலில், பின்னர் இடப்புறம். எண்பத்திரண்டு வயதுத் தலையின் தோல் எவ்வளவு மெல்லியது என்பதை எழுத்தில் சொல்ல இயலாது. காதுக்குப் பின்னே ஒரு மேடு. பிடரியில் ஒரு பழைய தழும்பு. நம்மைத் தோளில் சுமந்த தலைக்கட்டு இது. இத்தனை ஆண்டுகளில் இதனை ஒருமுறையும் தொட்டுப் பார்த்ததில்லை. முடிக்க ஒருமணி நேரம் ஆயிற்று. ஒரு துளி இரத்தமும் இல்லை. கத்தியைக் கழுவி, ஈரம் ஒட்டாமல் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைத்தோம். பழைய எஃகுக்கு ஈரமே எதிரி. ஓர் இரவு ஈரத்தோடு மடக்கி வைத்தால் காலையில் துரு பூத்திருக்கும். காக்கா எழுந்து வந்து, வாப்பாவின் தலையை உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்தார். "முன்ன நெத்திகிட்ட கொஞ்சம் நிக்குது" என்றார். அதையும் எடுத்தோம்.

இவ்வாறு இரண்டரை ஆண்டுகள் வியாழன்தோறும் நடந்தது. 2019-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வாப்பா இறையடி சேர்ந்தார்கள்.

இக்கதையை இத்துடன் முடித்தால் நம்மை நாமே புகழ்ந்துகொண்டதாகிவிடும். ஆகையால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2018-இல் நம் இல்லத்தில் ஒரு திருமணம் நடந்தது. காக்காவை நேரில் சென்று அழைத்தோம். முன்வரிசையில் நம் பக்கத்தில் அமர்த்தி ஒரே சஹனில் உண்டோம். உறவினர் சிலர் முகம் சுளித்தனர்; நாம் பொருட்படுத்தவில்லை. ஆனால் அன்றிரவு நம் துணைவியார் அமைதியாக ஒரு கேள்வி கேட்டார்: "சேர்ந்து சாப்பிட்டது சரி. அவர் பேரனுக்கு நம்ம வீட்டுப் பிள்ளையைக் கேட்டிருந்தால், என்ன சொல்லியிருப்பீங்க?" நம்மிடம் உடனே விடை வரவில்லை. விடை வரத் தாமதமானதே ஒரு விடைதான் என்று அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். தொழுகையில் தோளோடு தோள் சேர்கிறோம். ஒரே சஹனில் கைவைக்கிறோம். அதற்கப்பால் ஒரு கோடு நம் ஊர்களில் இன்னும் அழியாமல் கிடக்கிறது. கத்தி பிடிக்கக் கற்றதனால் அக்கோடு அழிந்துவிடவில்லை. ஆனால் அது நம் வீட்டுக்குள்ளும் ஓடுகிறது என்பதைக் காணக் கற்றோம்.

வாப்பா மறைந்தபின் வந்த வியாழக்கிழமைகளின் பிற்பகல்கள் வெறுமையாக இருந்தன. ஒருநாள் பள்ளிவாசல் படியில் காக்காவைக் கண்டோம். தாடியின் வரம்பு கலைந்து, கன்னமெங்கும் முடி திட்டுத் திட்டாக வளர்ந்திருந்தது. தம் நடுங்கும் கையால் தாமே மழிக்க முயன்று, இரண்டு இடங்களில் வெட்டும் பட்டிருந்தது. தெரு முழுவதற்கும் சவரம் செய்தவர். அவருக்குச் செய்ய ஆளில்லை.

மறுநாள் வியாழன். அஸர் முடிந்ததும் வாரையும் படிகாரத்தையும் அவர் தந்த ஷெஃபீல்டு கத்தியையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குச் சென்றோம். நமக்கென்று வேறொரு நல்ல கத்தி முன்னரே வாங்கிவிட்டோம். அன்றுமுதல் இதனை அவருக்கென்றே ஒதுக்கிவிட்டோம். வாசலில் நம்மைக் கண்டவர், கையிலிருந்த பையைக் கண்டதும் பதறிப்போனார்.

"வேணாம், தம்பி. நல்லா இருக்காது. யாராச்சும் பாத்தா என்ன சொல்லுவாங்க?"

"ஒங்க வாப்பா கத்திதான், காக்கா. கூர் எப்படி இருக்குன்னு நீங்க பாக்க வேணாமா?" என்றோம்.

அவர் கத்தியை வாங்கி, கட்டைவிரலைக் கூர்வாயின் குறுக்கே வைத்துப் பார்த்தார். சன்னல் கம்பியில் வாரை மாட்டித் தீட்டினோம். அவர் ஓட்டங்களை எண்ணிக்கொண்டிருந்தார் என்பது உதட்டசைவில் தெரிந்தது. ஐம்பது முடிந்ததும் திண்ணையில் அமர்ந்து, தோளிலிருந்த துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, வலக்கன்னத்தை நம் பக்கம் திருப்பினார்.